நாற்பதாண்டில் முளைத்த இடைவெளி

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 50,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறக்கிறார்கள். அந்நாட்டின் இனங்களை இந்த நோய் ஒரே அளவில் தாக்குவதில்லை. 2015 முதல் 2019 வரையிலான கணக்கின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் வெள்ளையருக்கு 36, கருப்பினத்தவருக்கு 42, ஆசிய வம்சாவளியினருக்கு 29 என்று விகிதங்கள் அமைந்திருக்கின்றன. அலாஸ்காவின் பூர்வகுடிகளிடம் அது 88. உலகின் எந்த மக்கள் கூட்டத்திலும் இதுவரை பதிவான மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று.

நோய் வருவது ஒரு கணக்கு, வந்தபின் பிழைப்பது வேறொரு கணக்கு. வெள்ளையரோடு ஒப்பிட்டால் கருப்பினத்தவருக்கு இந்நோய் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக வருகிறது. இறப்பு விகிதமோ 40 சதவீதத்தை ஒட்டிக் கூடுதலாக இருக்கிறது. நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகள் கடந்தும் உயிரோடு இருப்பவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 65 பேர் அளவில், கருப்பினத்தவரில் 60 பேர் அளவில். ‘பிளாக் பாந்தர்’ படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்தபோதுதான், அவருக்கு 2016இலேயே மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது உலகுக்குத் தெரிந்தது. வழக்கமான பரிசோதனை தொடங்கும் வயதுக்கு முன்பே அவருக்கு நோய் முற்றியிருந்தது. அமெரிக்கக் கருப்பின இளைஞர்களிடையே இந்நோய் பற்றிய பேச்சு பரவலானது அதற்குப் பிறகுதான்.

இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது என்பதில் மருத்துவ உலகம் நெடுநாள் இரண்டு பக்கமாக நின்று வாதாடியிருக்கிறது. கருப்பினத்தவரின் கட்டிகளே உயிரியல்படி வேறானவை, அதனால் கொடியவை என்பது ஒரு பக்கம். கட்டி ஒன்றுதான், பரிசோதனையும் சிகிச்சையும்தான் ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எடை ஒன்றல்ல.

பெருங்குடல் புற்றுநோய் நிதானமாக வளரும் நோய். குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றுகிறது. பெரும்பாலான பாலிப்கள் ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. இந்த மாற்றத்தின் மரபணுப் படிகளை 1990இல் எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். முதலில் ஏபிசி என்ற மரபணு கெடுகிறது. அது செல் பெருக்கத்துக்குத் தடை போடும் மரபணு. பிறகு கேராஸ் மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டு, வளர்ச்சிச் சமிக்ஞை நிற்காமல் ஒலிக்கத் தொடங்குகிறது. கடைசியில் கெட்டுப்போன செல்லைத் தானாக அழியச்செய்யும் டிபி53 மரபணுவும் விழுகிறது. எல்லாக் கட்டிகளும் இந்த வரிசையிலேயே போவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆனாலும் அடிப்படைச் சித்திரம் இன்றும் நிற்கிறது.

பத்தாண்டுகள் அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை. அந்த அவகாசத்தில் பாலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால் புற்று வரவே வராது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வளையும் குழாய்க் கருவியைப் பெருங்குடலுக்குள் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலேயே பாலிப்பை வெட்டியெடுத்தார்கள். கொலோனோஸ்கோபி அப்படித்தான் சிகிச்சைக் கருவியும் ஆனது. புற்று வந்தபிறகும் எந்த நிலையில் பிடிபடுகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் ஐந்தாண்டு கடக்கிறார்கள். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் 70 சொச்சம் பேர். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் 15 பேர்கூடத் தேறுவதில்லை.

இனவாரி இடைவெளியைப் பற்றி அறியவேண்டிய முதல் செய்தி, அது பழையதல்ல என்பது. 1970களில் அமெரிக்கக் கருப்பின ஆண்களிடையே இந்நோயால் ஏற்பட்ட இறப்பு விகிதம் வெள்ளை ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. 1980ஐ ஒட்டி இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெள்ளையரின் கோடு தொடர்ந்து இறங்கியது. கருப்பின ஆண்களின் கோடு 1990 வரை ஏறிவிட்டுத்தான் இறங்கத் தொடங்கியது. அதே காலத்தில்தான் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனையும் கொலோனோஸ்கோபியும் பரவின. அறுவைக்குப் பின் கீமோதெரபி கொடுத்தால் மூன்றாம் நிலை நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதும் உறுதிப்பட்டது. ஓர் இனத்தின் மரபணுக்கள் இருபது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. மருத்துவம் முன்னேறிய கணத்தில் பிறந்த இடைவெளி என்பதாலேயே, அந்த முன்னேற்றம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பரிசோதனையும் காப்பீடும்

போய்ச் சேராததன் விவரங்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. கருப்பினத்தவரில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நெடுங்காலம் குறைவாகவே இருந்தார்கள். நோய் இளவயதில் வருவதால் அவர்களுக்கு 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் அமைப்பு 2005இலேயே சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேசியப் பணிக்குழுவின் பரிந்துரையோ 2021 மே வரை எல்லாருக்கும் 50 வயது என்றே நின்றது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் 45 வயதுக்காரர் ஒருவர் பரிசோதனைக்குப் போனால், பல சமயங்களில் செலவு அவர் தலையில்தான்.

பரிசோதனை செய்துகொண்டாலும் அதன் தரம் வேறுபடுகிறது. கொலோனோஸ்கோபி செய்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்ட முதியோரில், அடுத்த பரிசோதனைக் கெடுவுக்குள் புற்றுநோய் வந்தவர்கள் யார் என்று 2017இல் ஓர் ஆய்வு பார்த்தது. அரசின் முதியோர் காப்பீட்டில் இருந்தவர்களே அனைவரும். அப்படி இடையில் நோய் வரும் வாய்ப்பு கருப்பினத்தவரில் 7.1 சதவீதம், வெள்ளையரில் 5.8 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. பாலிப்பைக் கண்டுபிடிக்கும் திறன் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். அத்திறன் குறைந்த மருத்துவர்களிடம் கருப்பின நோயாளிகள் அதிகமாகப் போக நேர்ந்திருந்தது. 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு, கருப்பின முதியோர் மருத்துவரைப் பார்த்த சந்தர்ப்பங்களில் 80 சதவீதம் வெறும் 22 சதவீத மருத்துவர்களிடமே நடந்ததைக் காட்டியது. அந்த மருத்துவர்களே, தங்கள் நோயாளிகளைத் தரமான சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது கடினமாக இருக்கிறது என்று சொன்னவர்களும்கூட. குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்துகிடக்கும் நாட்டில் மருத்துவமும் பிரிந்துதான் கிடக்கும்.

சிகிச்சையிலும் இதே கதை. மூன்றாம் நிலை நோயாளிகளில் புற்றுநோய் மருத்துவரைச் சந்தித்தவர்களின் விகிதம் இரு இனத்திலும் ஏறத்தாழ சமமாக இருந்தும், கீமோதெரபி பெற்றவர்களின் விகிதம் கருப்பினத்தவரில் குறைந்திருந்ததை ஓர் ஆய்வு பதிவுசெய்தது. ஆலோசனை அறைக்கும் மருந்து ஏற்றும் அறைக்கும் இடையில் என்ன நடந்தது என்பது எண்களில் முழுதாகத் தெரிவதில்லை. போக்குவரத்து, கூலி இழப்பு, உடனிருக்கும் வேறு நோய்கள், மருத்துவர் பேசிய விதம் எல்லாம் அதில் இருக்கலாம். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், கிரந்தி நோய் கண்ட கருப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்த வரலாறும் அந்த மக்களுக்கு மறந்துவிடவில்லை.

எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்த முயற்சிகளில் 2018இல் வெளியான ஒன்று குறிப்பிடத்தக்கது. முதியோருக்கான அரசுக் காப்பீடு கிடைக்காத, 65 வயதுக்குட்பட்ட நோயாளிகளை அது எடுத்துக்கொண்டது. உயிர்வாழ்வு இடைவெளியில் ஏறத்தாழ பாதியைக் காப்பீட்டு வேறுபாடே விளக்கிவிட்டது. நோயின் நிலை, கட்டியின் தன்மை முதலியவை கால்பங்கை விளக்கின. கட்டியின் தன்மைக்கு உண்மையிலேயே ஒரு பங்கு இருக்கிறது என்பதும், அது முழுக்கதை இல்லை என்பதும் இந்த ஒரே கணக்கில் சேர்ந்து தெரிகின்றன. கட்டி எந்த நிலையில் பிடிபடுகிறது என்பதேகூடப் பரிசோதனையைப் பொறுத்தது என்பதால், அந்தக் கால்பங்கும் முழுவதும் உயிரியலுக்குச் சொந்தமில்லை.

டெலவர் மாநிலம் செய்தது

இந்த வாதத்துக்கு ஆய்வுக்கட்டுரைகளைவிட வலுவான சான்று டெலவர் மாநிலத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பத்து லட்சத்துக்கும் குறைவான மக்களோடு இருந்த சிறு மாநிலம் அது. 2002 முதல் அங்கே, காப்பீடு இல்லாதவர்களுக்கும் பெருங்குடல் பரிசோதனைச் செலவை அரசே ஏற்றது. மருத்துவமனைகளில் வழிகாட்டி செவிலியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆளைத் தேடிப்பிடிப்பது, தேதி வாங்கித் தருவது, குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை எப்படிக் குடிப்பது என்று விளக்குவது, வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் வேலை. கருப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கும் அவர்களின் தேவாலயங்களுக்கும் தனிக் கவனம் தரப்பட்டது. புற்று கண்டறியப்பட்டால், காப்பீடு இல்லாதவருக்கு இரண்டாண்டு வரை சிகிச்சைச் செலவையும் மாநிலமே கொடுத்தது. இந்தக் கடைசி அம்சம் இல்லாமல் போயிருந்தால் மற்றவை பாதிதான் பலித்திருக்கும். நோய் இருப்பதைச் சொல்லிவிட்டு, வைத்தியத்துக்குப் பணம் இல்லையென்று கைவிரிக்கும் பரிசோதனைக்கு யாரும் விரும்பி வருவதில்லை.

விளைவுகளைப் புற்றுநோய் மருத்துவர் ஸ்டீஃபன் கிரப்ஸும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்டார்கள். 2002இல் மாநிலத்தின் கருப்பினத்தவரில் 48 சதவீதத்தினரே பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். 2009இல் அது 74 சதவீதமாகி, வெள்ளையரின் விகிதத்தைத் தொட்டுவிட்டது. கருப்பின நோயாளிகளில் நோய் பரவியபின் கண்டறியப்பட்டவர்களின் பங்கு 79 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகச் சரிந்தது. அவர்களுக்கு நோய் வரும் விகிதம் ஒரு லட்சத்துக்கு 67இலிருந்து 45 ஆனது. வெள்ளையரின் விகிதமும் 58இலிருந்து அதே 45க்கு வந்தது. இறப்பில் கருப்பினத்தவரின் விகிதம் 31இலிருந்து 18 ஆக இறங்கி, வெள்ளையரின் 17ஐ நெருங்கியது. பரிசோதனைத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவு. நோயைத் தடுத்ததாலும் முன்கூட்டியே பிடித்ததாலும் மிச்சமான சிகிச்சைச் செலவு 85 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்த ஏழெட்டு ஆண்டுகளில் டெலவர் மக்களின் மரபணு எதுவும் மாறவில்லை.

இடைவெளி இனத்தின் எல்லையோடு முடிவதுமில்லை. மாவட்டவாரியாக இறப்புகளை வரைபடத்தில் குறித்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இந்நோயால் இறப்பு குவிந்திருக்கும் மூன்று பகுதிகளைக் காட்டியது. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ச் சமவெளியும், வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் கிழக்குப் பகுதியும் கருப்பினத்தவர் கணிசமாக வாழும் இடங்கள். மூன்றாவதான அப்பலேச்சிய மலைப் பகுதியில் வாழ்பவர்களோ பெரும்பாலும் ஏழை வெள்ளையர்கள். மூன்றுக்கும் பொதுவானது வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும்.

ஒரே சிகிச்சை தந்தபோது

எல்லாருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கண்காணிப்பு என்று நடப்பவை மருத்துவச் சோதனைகள். அங்கே இடைவெளி என்னவாகிறது என்பது இயல்பாக எழும் கேள்வி. 1977 முதல் 2002 வரை நடந்த பன்னிரண்டு கீமோதெரபி சோதனைகளில் பங்கேற்ற 14,611 பேரின் தரவை 2011இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு வெள்ளையரில் 72.8 சதவீதம், கருப்பினத்தவரில் 68.2 சதவீதம். ஆனால் புற்றுநோய் திரும்பி வருவதில் இனவாரி வேறுபாடு புலப்படவில்லை. கட்டி ஒரே மாதிரி நடந்துகொண்டிருக்கிறது. ஆயுள் மட்டும் வேறுபட்டிருக்கிறது. வேறு நோய்களால் நேர்ந்த இறப்புகளும், சோதனைக் காலத்துக்கு வெளியே கிடைத்த கவனிப்பும் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதற்கு இடைஞ்சலான ஒரு முடிவும் இருக்கிறது. மூன்றாம் நிலை நோயாளிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இன்னொரு சோதனையை 2015இல் இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 50 வயதுக்குட்பட்ட கருப்பின நோயாளிகளுக்குப் புற்று திரும்பும் வாய்ப்பு அதே வயது வெள்ளையரைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. எல்லாருக்கும் ஒரே கீமோதெரபிதான் தரப்பட்டது. இளவயதில் வரும் கட்டியில் ஏதோ வேறாக இருக்கலாம் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. உயிரியல் ஆய்வுகள் நியாயம் பெறுவது இந்த இடத்தில்தான்.

தட்டில் இருப்பது

உயிரியல் என்றதும் பிறப்போடு வந்தது என்று எண்ணத் தோன்றும். பெருங்குடலைப் பொறுத்தவரை உயிரியலின் பெரும்பகுதி அன்றாடம் தட்டில் விழுவதிலிருந்து உருவாகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். அழற்சியையும் அது அடக்குகிறது. கொழுப்பு மிகுந்த உணவைச் செரிக்கக் கல்லீரல் கூடுதலாகப் பித்தம் சுரக்கும்போது, வேறு பாக்டீரியாக்கள் அதை இரண்டாம் நிலைப் பித்த அமிலங்களாக மாற்றுகின்றன. இவை குடல் சுவரை அரித்துப் புற்றைத் தூண்டக்கூடியவை.

இதைச் சோதித்துப் பார்க்க பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஓகீஃப் குழு எடுத்த வழி எளிமையானது. பிட்ஸ்பர்கில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேர், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் கிராமப்புறத்தார் 20 பேர். முதல் கூட்டத்தில் இந்நோய் ஒரு லட்சத்துக்கு 65 பேருக்கு வருகிறது. இரண்டாம் கூட்டத்தில் ஐந்து பேருக்கும் குறைவு. இரண்டு வாரங்களுக்கு இரு கூட்டத்தாரும் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளக் கஞ்சியும் பயறும். அவர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராம் ஆனது. தென்னாப்பிரிக்கர்களுக்கு இறைச்சி அடையும் வறுவலும். அவர்களின் நார்ச்சத்து 66இலிருந்து 12 கிராமாக இறங்கியது. கொழுப்பிலிருந்து வரும் கலோரி 16 சதவீதத்திலிருந்து 52 ஆக ஏறியது. இரண்டே வாரம் கழித்து கொலோனோஸ்கோபி செய்து பார்த்தபோது, அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி இரண்டரை மடங்கு கூடியிருந்தது, இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள் 70 சதவீதம் குறைந்திருந்தன, அழற்சியும் செல் பெருக்கமும் தணிந்திருந்தன. தென்னாப்பிரிக்கர்களிடம் எல்லாமே தலைகீழ். 2015இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்று வரவோ போகவோ இல்லை. ஆயினும் ஆப்பிரிக்க வம்சாவளி என்பதே காரணம் என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடைப்பது அரிது. ஒரே கண்டத்து மூதாதையரைக் கொண்ட இரு கூட்டங்களுக்குள் நோய் விகிதம் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

அலாஸ்காவின் பூர்வகுடிகளிடம் நோய் ஏன் இவ்வளவு என்பதற்கும் முழு விடை இன்னும் இல்லை. குறைந்த நார்ச்சத்து, புகையிட்டுப் பதப்படுத்திய மீனும் இறைச்சியும், புகைப்பழக்கம், நீண்ட குளிர்காலத்தில் வைட்டமின் டி குறைவு எல்லாமே ஐயத்துக்குரியவை. பல கிராமங்களுக்குச் சாலை கிடையாது, சிறு விமானத்திலோ படகிலோதான் போகவேண்டும். அதனால் கொலோனோஸ்கோபி நிபுணர்கள் ஊர் ஊராகச் செல்லும் ஏற்பாடும், மலத்தில் மரபணுச் சுவடுகளைத் தேடும் சோதனைப் பெட்டியைத் தபாலில் அனுப்பும் முறையும் அங்கே முயலப்பட்டுள்ளன.

இடம்பெயர்ந்தவர்களும் இதே செய்தியைத் தருகிறார்கள். ஜப்பானிலிருந்து ஹவாய் தீவுகளுக்குக் குடியேறியவர்களிடம் ஒரே தலைமுறையில் இந்நோய் பெருகி, அங்குள்ள வெள்ளையரையே மிஞ்சியது. சிங்கப்பூரில் 1968 முதல் நடத்தப்படும் புற்றுநோய்ப் பதிவேட்டில் சீனர்களிடம் இந்நோய் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. அந்த இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். குறைவாக வருகிறது என்பதால் நிம்மதி கொள்ளவும் முடியாது. இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேலைநாடுகளைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தாலும், ஐந்தாண்டு உயிர்வாழ்வு 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளின் சராசரி வயது 47 என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியர்களில் மலக்குடல் கட்டிகளும், முத்திரை மோதிரச் செல் எனப்படும் கொடிய வகையும் மேலைநாடுகளைவிட அதிகம் காணப்படுகின்றன.

கட்டிக்குள்ளே

அமெரிக்கக் கருப்பின நோயாளிகளின் கட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் முதல் வேறுபாடு இடம். பெருங்குடலின் வலப்பக்கத்தில் அவை அதிகம் தோன்றுகின்றன. வலப்பக்கம் அகலமானது, அங்கே மலம் நீர்த்திருக்கும்; கட்டி பெரிதாகும்வரை அடைப்போ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ வராமல் போகலாம். சோகையும் சோர்வும்தான் அறிகுறிகள். முன்பு வழக்கிலிருந்த, குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் குட்டைக் குழாய்க் கருவி அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதேயில்லை. பரவிய நிலையில் வலப்பக்கக் கட்டிகளின் போக்கு இடப்பக்கத்தைவிட மோசம்.

இரண்டாவது, கேராஸ் பிறழ்வு. மேலே சொன்ன, மூன்றாம் நிலை நோயாளிகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வில் கருப்பினத்தவரின் கட்டிகளில் 44 சதவீதத்திலும், வெள்ளையரில் 35 சதவீதத்திலும், ஆசியரில் 28 சதவீதத்திலும் அது இருந்தது. பிராஃப் என்ற மற்றொரு மரபணுவின் பிறழ்வு மாறாக வெள்ளையரிடம் இரு மடங்கு. இந்த எண்களுக்கு நடைமுறை விளைவு உண்டு. செல்லின் வளர்ச்சி ஏற்பியை அடைக்கும் செடுக்ஸிமாப் போன்ற மருந்துகள், கேராஸ் பிறழ்ந்த கட்டிகளில் வேலை செய்வதில்லை. வலப்பக்கக் கட்டிகளிலும் அவற்றின் பலன் குறைவு. ஆகவே நல்லதொரு மருந்து வரிசை, கருப்பின நோயாளிகளில் கூடுதலானவர்களுக்குத் தொடக்கத்திலேயே மூடிப்போகிறது. கேராஸ் பிறழ்வில் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் தாக்கும் மருந்துகள் சமீபத்தில்தான் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

மூன்றாவது, மரபணு எழுத்துப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான கட்டிகள். பிழைகள் மலிந்திருப்பதால் உடலின் எதிர்ப்புச் செல்கள் இவற்றை அந்நியமாக அடையாளம் காண்கின்றன. இவ்வகைக் கட்டிகளுக்கென 2017இல் அனுமதி பெற்ற பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து இவற்றில் வியக்கத்தக்க பலன் தருகிறது. கருப்பினத்தவரில் இவ்வகை கூடுதலா குறைவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்திலிருந்து 2022இல் வந்த பெரிய மரபணு ஆய்வு குறைவு என்றது. இலக்கு பார்த்துத் தாக்கும் மருந்துகளுக்குத் தகுதியான பிறழ்வுகளும் ஆப்பிரிக்க வம்சாவளியினரில் குறைவு என்றது. இந்தப் பழுது பரம்பரையாகவும் வரலாம். அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். அது சந்தேகிக்கப்படும் கருப்பின நோயாளிகளை மரபணு ஆலோசனைக்கு அனுப்புவதிலும் சுணக்கம் இருப்பது பதிவாகியிருக்கிறது. பரம்பரை வகை ஒருவரில் தெரியவந்தால் குடும்பத்தில் பலரைக் காப்பாற்ற முடியும் என்பதால், இந்தச் சுணக்கம் ஒருவரோடு நிற்பதில்லை.

இவற்றுக்கு அப்பால், கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், ஆப்பிரிக்க அமெரிக்கரின் கட்டிகளில் கூடுதலாகப் பிறழ்ந்திருக்கும் பதினைந்து மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். அவற்றில் பல அதுவரை பெருங்குடல் புற்றோடு தொடர்புபடுத்தப்படாதவை. வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, புற்று இல்லாத சாதாரணக் குடல் திசுவிலேயே, கருப்பினத்தவரின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட உயிரியல்படி மூப்படைந்திருப்பதைக் கண்டது. வெள்ளையரிடம் அது எதிர்மாறாக இருந்தது. அந்த மூப்பு டிஎன்ஏவின் மேல் படியும் வேதிக் குறிகளால் அளக்கப்படுவது. உணவு, புகை, வாழ்க்கை நெருக்கடி எல்லாமே அந்தக் குறிகளை மாற்றக்கூடியவை என்பதால், அதைப் பரம்பரை என்று எழுதிவிட இடமில்லை.

யாருடைய மாதிரி

இனம் என்பது அமெரிக்காவில் ஒருவர் படிவத்தில் தன்னைப் பற்றிக் குறிக்கும் பெயர். ஆப்பிரிக்க அமெரிக்கரின் மரபணுவில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு ஐரோப்பிய வம்சாவளி. அதனால் புதிய ஆய்வுகள் படிவத்தை விட்டுவிட்டு வம்சாவளியை மரபணுவிலிருந்தே அளக்கின்றன. வம்சாவளி சார்ந்த உண்மையான அபாயங்கள் தென்படுவது பெரும்பாலும் குறுகிய கூட்டங்களில்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினரிடம் ஏபிசி மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பதும், அது பெருங்குடல் புற்று அபாயத்தைக் கூட்டுவதும் 1997இல் தெரியவந்தது. ‘கருப்பினம்’ என்ற பரந்த தலைப்பின் கீழ் அப்படியொரு ஒற்றை மாற்றம் இதுவரை கிடைக்கவில்லை.

கிடைக்காததற்கு, தேடிய இடம் குறைவு என்பதும் ஒரு காரணம். பெருங்குடல் புற்றின் மரபணு வரைபடங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் கட்டிகளைக் கொண்டே உருவானவை. ஒரு தெருக் கிணற்றில் நீரைச் சோதித்துவிட்டு மாவட்டத்துக்கே சான்று தருவது போன்ற நிலை. மருந்துச் சோதனைகளிலும் கருப்பினத்தவரின் பங்கு அவர்களின் நோய்ச் சுமைக்கு ஈடாக இருந்ததில்லை. பன்னிரண்டு சோதனைகளின் 14,611 பேரில் கருப்பினத்தவர் 1,218 பேர்தான்.

இந்தக் குறையின் விளைவு எவ்வளவு நேரடியானது என்பது ஃபுளூரோயூராசில் மருந்தில் தெரிகிறது. பெருங்குடல் புற்றின் கீமோதெரபிக்கு அறுபது ஆண்டுகளாக அதுவே அடித்தளம். கல்லீரலில் உள்ள டிபிடி என்ற நொதி அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிறது. நொதி குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகி, சிலர் இறக்கவும் நேர்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கரில் இந்தக் குறைபாடு 8 சதவீதத்தினருக்கும், வெள்ளையரில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும் இருப்பதை 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. கருப்பினப் பெண்களில் அது 12 சதவீதம். மருந்து தரும் முன் இக்குறைபாட்டைச் சோதிக்கவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது. அங்கே வழக்கமாகத் தேடப்படும் நான்கு மரபணு மாற்றங்களும் ஐரோப்பியர்களிடம் கண்டறியப்பட்டவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாக உள்ள ஒய்186சி என்ற மாற்றம் அந்த நான்கில் இல்லை. அந்த மாற்றம் உள்ள ஒருவருக்கு நான்கையும் சோதித்து ‘குறைபாடு இல்லை’ என்று அறிக்கை வரலாம். முழு அளவு மருந்தும் ஏற்றப்படலாம்.